இந்தப் பொதியை நீங்களே கட்டினீர்களா?

1

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு ஒரு பொதி வந்தது. நாலாம் மாடியில் இருக்கிற பிள்ளை ஒருத்தி கொண்டு வந்தாள். நான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன் என்று கேள்விப்பட்டாளாம். பொதியின் வாய் திறந்தே இருந்தது. மேலே ஒரு கடதாசித் துண்டில் உள்ளே இருக்கிற சாமான்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள்: கோப்பிப் போத்தல் இரண்டு, தலையிடிக் குளிசை ஒரு போத்தல், குழந்தைச் சப்பாத்து ஒரு சோடி. "அங்கிள், நீங்கள் பாத்துப்போட்டு நீங்களே ரேப் ஒட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருசம்வரை இப்படி ஒரு பொதியை நான் கண்டதில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில் நாங்கள் இருக்கிற இந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் இது ஒரு சட்டத் திருத்தம் மாதிரி.

இங்கே ஒருவர் ரிக்கற் எடுத்தால் அந்தச் செய்தி லிப்டில் ஏறி மாடி மாடியாகப் போகும். பிறகு பொதிகள் வரும். எல்லாம் மண்ணிற ரேப் சுற்றி, மேலே கறுப்பு மையில் பெயர் எழுதி, குழந்தைக்குத் துணி சுற்றின மாதிரி வரும். கொண்டு போகிறவருக்கு ஒரே ஒரு ஒழுங்குதான்: பிரித்துப் பார்க்கக் கூடாது. "கேட்டால் சந்தேகம், பிரிச்சால் அவமானம்" என்று எங்கள் கட்டடத்தில் ஒரு சொல் இருந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் போன வருசம் மாட்டினேன்.

2

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு விமான நிலையம் தெரியாத இடமில்லை. பதினெட்டு வருசம் அங்கே பெட்டி ஏற்றினவன் நான். படிப்பு ஊரோடு நின்றுபோனது. மிச்சத்தைப் பெட்டிகளிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் படித்தேன். என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். பெட்டியின் பாரத்தை வைத்தே வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லலாம் என்பார். கிட்ட இருக்கிற ஊருக்குப் போகிறவன் பெட்டி லேசாக இருக்குமாம். திரும்பிப் போக முடியாத ஊருக்குப் போகிறவன் பெட்டியில்தான் இடுப்பு முறியும். எங்கள் ஆட்களின் பெட்டியைத் தூக்குகிறபோதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்தப் பதினெட்டு வருசமும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு அறிவிப்பைத் தாண்டிப் போனேன். பிறர் தருகிற எதையும் கொண்டு போகாதீர்கள் என்று எழுதி, ஒரு பெட்டியும் கேள்விக்குறியும் கீறியிருக்கும். வெள்ளைக்காரனுக்கு எழுதினது என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு யார் பிறர்?

போன வருசம் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். மனைவி வசந்தி இரண்டு கிழமை முந்தியே யாழ்ப்பாணம் போய்விட்டாள். நான் புறப்படுவதற்கு முதல்நாள் மனோ அக்கா வந்தார். எங்கள் மாடியில் கடைசி வீடு. எழுபது வயது. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். புருசன் தம்பிராசா அண்ணை செத்து அப்போது ஒரு வருசம் ஆகப் போகிறது.

தம்பிராசா அண்ணையை இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. பனிக்காலம் முழுக்கக் காலையில் கீழே வாசலில் நிற்பார். வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் "இண்டைக்கு மைனஸ் பதினெட்டு, காதை மூடுங்கோ" என்று சொல்லி அனுப்புவார். சீனருக்கும் சொல்லுவார், சோமாலியருக்கும் சொல்லுவார், தமிழில்தான். எல்லாரும் காதை மூடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் முப்பத்துமூன்று வருசத்தில் ஒரு தடவை ஊருக்குப் போகவில்லை. கனடாவுக்கு ஏஜன்சிக்காரன் கூட்டி வந்த வழியில் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில் பதினேழு நாள் அவரை ஒரு அறையில் வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு நாளும் சேட்டைக் கழற்றி ஒரு மெஷினுக்குள்ளால் விட்டார்களாம். என்ன தேடினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வந்து சேர்ந்த பிறகு ஒரு முடிவு எடுத்தார். தாய் செத்தபோதுகூட மாற்றவில்லை. "உந்த மெஷினுக்குள்ளாலை நான் இனிப் போகமாட்டன்" என்பார். அதற்கு மேல் கதையில்லை.

மனோ அக்கா கொண்டு வந்த பொதி ஒரு தேங்காயளவு. பாரம். தம்பிராசா அண்ணையின் தம்பி, ஊரில் இருக்கிற நடராசாவிடம் கொடுக்க வேண்டுமாம். என்ன என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"சாமிச் சாமான் தம்பி. பெட்டிக்குள்ளை போடாதேங்கோ. கையோடை கொண்டுபோங்கோ. நிலத்திலை மட்டும் வைச்சிடாதேங்கோ."

பித்தளை விளக்கு என்று நினைத்தேன். ஓம் அக்கா என்று வாங்கி வைத்தேன்.

3

அடுத்தநாள் மகள் அபி என்னைக் காரில் கொண்டு போனாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், இருபத்தாறு வயது. நான் பொதியை மடியில் வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"அப்பா, அதுக்குள்ளை என்ன?"

"சாமிச் சாமான்."

"ஓப்பின் பண்ணிப் பாத்தனீங்களா?"

ஆக்கள் தந்ததைப் பிரிக்கிறதே என்று கேட்டேன். அவள் வீதியைப் பார்த்தபடி, "யூ லிட்டரலி வேர்க்ட் தெயர், அப்பா" என்றாள். தமிழில் திட்டினால் பதில் சொல்லலாம். இந்த ஆங்கிலம் வந்தால் நான் ரேடியோவைக் கூட்டிவிடுவேன்.

நாலு மணித்தியாலம் முந்திப் போய் இறங்கினேன். பெட்டி ஏற்றினவனுக்குத்தான் பெட்டி தவறுகிற விதம் தெரியும். அபி என்னை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். செக்கின் மேசையில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்டாள்: இந்தப் பொதிகளை எல்லாம் நீங்களே கட்டினீர்களா? யாராவது ஏதாவது தந்துவிட்டார்களா?

நானே கட்டினேன் என்றேன். யாரும் தரவில்லை என்றேன். கண் இமைக்கவில்லை. அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை.

ஏன் என்று பிறகு யோசித்தேன். எங்களுக்கு இந்தக் கேள்வி விமான நிலையத்தில் அறிமுகமாகவில்லை. யுத்த காலத்தில் சாமான் மூட்டையோடு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோதுதான் அறிமுகமானது. அங்கே மெஷின் இல்லை. ஒரு நீண்ட இரும்புக் கம்பி. அரிசி மூட்டைக்குள் குத்தி இழுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவரின் பையில் நாலு பற்றரி அகப்பட்டது, அந்தக் காலத்தில் தடைசெய்த சாமான். ஆருடையது என்று கேட்டார்கள். அவர் நேர்மையான மனிதர். பக்கத்து வீட்டு வாத்தியார் ரேடியோவுக்கு வாங்கிவரச் சொன்னது என்று சொன்னார். வாத்தியாரின் பெயரை எழுதிக்கொண்டு இவரை விட்டுவிட்டார்கள். அடுத்த கிழமை வாத்தியார் வீட்டுக்கு இராணுவ ஜீப் போனது.

என் பையிலும் அன்று பிறர் தந்த சாமான் இருந்தது. எனது முறை வந்தபோது எல்லாம் என்னுடையது என்றேன். அன்றிலிருந்து, சீருடை போட்டு பட்டன் பூட்டின யார் என்ன கேட்டாலும் என் நாக்கு தானாகச் சொல்லும்: என்ரைதான்.

கனடாக்காரர் கேட்பது உண்மையைத் தெரிந்துகொள்ள. எங்களிடம் கேட்கப்பட்டது பெயரைத் தெரிந்துகொள்ள. கேள்வி ஒன்றுதான். இது எனக்கு அறுபத்துமூன்று வயதில்தான் விளங்கியது, அதுவும் இப்படி ஒரு அடி விழுந்த பிறகு.

4

சோதனை வரிசையில் எனக்குச் சப்பாத்துக் கழற்றத் தெரியும், பெல்ற் கழற்றத் தெரியும், தட்டில் வைக்கிற ஒழுங்கு தெரியும். பொதியையும் ஒரு தட்டில் வைத்தேன். தட்டு உள்ளே போனது. திரும்பி வெளியே வரவில்லை.

மெஷினுக்கு முன் இருந்தவர் திரையைப் பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். என் பையில் இருந்த சீப்பு, மருந்து, கண்ணாடிக்கூடு எல்லாம் நிறம் நிறமாகத் தெரிந்தன. பொதி இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்பு. உள்ளே ஒன்றுமே தெரியாத கறுப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மெஷினுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

கையுறை போட்ட ஒரு இளம் பெண், சின்னக் கொண்டை, மரியாதையான குரல். இது உங்களுடையதா என்று கேட்டாள். என்ரைதான் என்றேன். பிரிக்கலாமா என்றாள். பிரியுங்கள் என்றேன். மனதுக்குள் மனோ அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், விளக்கைப் பிரிக்க விட்டதற்கு.

ரேப் கிழிந்தது. உள்ளே மஞ்சள் பட்டுத் துண்டு. அதற்குள் ஒரு பித்தளைச் செம்பு. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. செம்போடு ஒரு கடித உறை. அவள் உறைக்குள் இருந்த கடதாசியை விரித்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் செம்பிலிருந்து கையை எடுத்து, ஒரு அடி பின்னால் போனாள்.

சேர், இது ஒரு மனிதருடைய சாம்பல் என்றாள்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அப்படித்தான் செய்தது. பிறகு கடதாசியில் பெயரைப் பார்த்தேன். தம்பிராசா. அவருடைய தகப்பன் பெயர். தகன நிலையத்தின் முத்திரை.

இரவு முழுக்க அவரைச் சாமி அறையில் வைத்திருந்தேன். காரில் மடியில் வைத்திருந்தேன். கலியாண வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பெண் கேட்டாள்: இவர் உங்களுக்கு என்ன முறை?

எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பதில் எவ்வளவு விசர்ப் பதில் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. நானே கட்டினேன் என்றவன், உள்ளே யார் என்று தெரியாது என்கிறேன். விலங்கு மாட்டுவார்கள் என்று நின்றேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. என் மடியில் இருந்த கனம் ஒரு ஆள்.

விலங்கு வரவில்லை. மேலதிகாரி வந்தார். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். செம்பைத் தட்டில் வைக்கவில்லை, மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தார்கள். மேலதிகாரி எனக்கு விளக்கினார். சாம்பல் கொண்டு போக அனுமதி உண்டு. ஆனால் மெஷின் உள்ளே பார்க்க முடிய வேண்டும். பித்தளைக்குள் பார்க்க முடியாது. நீங்களே திறந்து பாருங்கள் என்றேன். அவர் தலையசைத்தார். நாங்கள் திறக்க மாட்டோம் சேர், நீங்கள் கெஞ்சினாலும் திறக்க மாட்டோம், அது இறந்தவருக்குச் செய்கிற மரியாதை என்றார்.

எனக்கு அதிர்ச்சி அங்கேதான் கூடினது. கம்பியால் குத்தித் திறந்த ஊரில் மூட்டை ஓட்டையோடாவது வீடு போய்ச் சேர்ந்தது. இங்கே மரியாதை கொடுத்துத் தொடாமல் விட்டார்கள். ஆள் போக முடியாது.

5

வெளியே கூட்டி வந்து விட்டார்கள். விமானத்துக்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. ஒரு நீள வாங்கில் குந்தியிருந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டு, மனோ அக்காவுக்குப் போன் எடுத்தேன். கோபத்தில் சொல்ல வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

"அக்கா, அண்ணையை என்ரை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

அக்கா மறுக்கவில்லை.

"மூண்டு பேரிட்டைக் கேட்டனான் தம்பி. ஒருத்திக்கு மகள் வயித்திலை பிள்ளையாம். ஒருவர் காணி எழுதப் போறாராம், சகுனம் பிழைக்குமாம். மற்றவர் போனை வைச்சிட்டார். நீங்கள் கலியாணத்துக்குப் போறியள். கேட்டால் நீங்களும் மாட்டன் எண்டு சொல்லியிருப்பியள்."

சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை. வெட்கமாக இருந்தது.

மிச்சத்தையும் சொன்னார். பெரும் பகுதியைச் செத்தவீட்டோடேயே இங்கே ஏரியில் கரைத்துவிட்டார்கள். இந்தச் செம்பளவை மட்டும் எடுத்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில், கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். வியாழக்கிழமை ஆண்டுத் திவசம். நடராசா அங்கே ஒரு ஐயரை ஒழுங்குபண்ணிவிட்டார். அக்காவால் விமானம் ஏற முடியாது, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுக்க வேண்டும்.

"அவர் ஒரு நாள் எண்டாலும் போவம் எண்டு கேட்டதில்லை தம்பி. கடைசியாய்த்தான் கேட்டவர். செத்தால் கொண்டுபோய் விடுங்கோ, அப்ப எனக்கு ஒண்டும் தெரியாதுதானே எண்டு."

நான் அடுக்கி வைத்திருந்த ஒன்றையும் சொல்லவில்லை. பாக்கிறன் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அபிக்கு எடுத்தேன். அவள் 401 நெடுஞ்சாலை நெரிசலில் இன்னும் பாதி வழியில்தான் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னேன்தானே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"என்ன மாதிரிப் பொக்ஸ் வேணும், அப்பா?"

6

அபி திரும்பி வந்தாள். விமான நிலையக் கார்த் தரிப்பிடத்தின் மூன்றாம் தட்டு. கண்ணாடி எல்லாம் மூடி, காற்று வரக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்தினோம். அபியின் காருக்குள் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்ரிக் போத்தல். உடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் பாலில் கலக்கிக் குடிக்கிற மா வந்த போத்தல். கழுவித் தலைமயிர்ப் பட்டிகள் போட்டு வைத்திருந்தாள். மேலே ஒரு பயில்வானின் படம், புயம் தேங்காய் தேங்காயாக. தம்பிராசா அண்ணை வாழைத்தண்டு மாதிரி ஒரு மனிதர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தோம். சிரிக்கக் கூடாது என்று தெரியும். சிரித்துவிட்டோம். பிறகு அவள் நகத்தால் அந்தப் பயில்வானை முழுக்க உரித்து எடுத்தாள்.

மஞ்சள் பட்டை இரண்டு மடிக்கும் நடுவில் விரித்தோம். கார்த் திறப்பின் பல்லால் மெழுகைச் சுரண்டினேன். ஊரில் நாங்கள் சாம்பலுக்குள்ளிருந்து எலும்பு எலும்பாகப் பொறுக்கி எடுத்தவர்கள். இங்கே மெஷினில் அரைத்துத் தருகிறார்கள். கடற்கரை மணல் மாதிரி, சாம்பல் நிறத்தில், அவ்வளவு சுத்தமாக. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. எலும்பு என்றால் ஆள் என்று தெரியும்.

அபி செம்பை வாங்கினாள். என் மகளுக்குத் தேவாரம் முழுதாக வராது, கோயிலில் எந்தப் பக்கம் சுற்றுவது என்று கேட்பாள். அவள் போத்தலை முழங்காலுக்கு நடுவில் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு மணி சிந்தாமல் மாற்றினாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நான் இப்ப என்ன சொல்லோணும்?"

மந்திரம் எனக்கும் தெரியாது. பெயரைச் சொல்லு என்றேன்.

"தம்பிராசா அங்கிள்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "சொறி" என்றாள்.

இந்த நாட்டில் எல்லாத்துக்கும் சொறி சொல்லுவார்கள், கால் மிதிபட்டவனும் சொல்லுவான். நான் கேலி செய்கிற சொல். அன்று அதைவிடச் சரியான சொல்லை எந்த ஐயரும் சொல்லியிருக்க முடியாது.

இறங்கும்போது, அம்மாவுக்குச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் போத்தலின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினாள்.

7

அதே வரிசை, அதே பெண். இந்த முறை போத்தல் திரையில் இளம் செம்மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத நிறம். வெறும் செம்பு மூடி இல்லாமல் தனித் தட்டில் போனது. அந்தப் பெண் போத்தலை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தாள். இரண்டு பேருக்கும் நல்ல பயணமாக அமையட்டும் என்றாள். அவள் இரண்டு பேர் என்று சொன்னதை விமானம் ஏறி இருந்த பிறகுதான் யோசித்தேன்.

வளைகுடாவில் விமானம் மாறினேன். அங்கே எல்லாரும் ஓடுகிறார்கள். தட்டுகளும் ஓடுகின்றன. பெல்ற், சப்பாத்து, பெல்ற், சப்பாத்து என்று ஒரு குரல். தம்பிராசா அண்ணை போனார், வந்தார். யாரும் திரையையே பார்க்கவில்லை மாதிரி இருந்தது. பார்த்திருப்பார்கள். அண்ணை மனிதர் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. முன்பு ஒருமுறை சென்னைக்குப் போனபோது, ரிக்கற் காட்டாமல் கட்டடத்துக்குள் காலே வைக்க விடவில்லை, கைப்பையில் தொங்கின துண்டில் முத்திரை குத்தினார்கள். ஒரு நாடு வாசலில் சந்தேகப்படும், ஒரு நாடு மெஷினில் சந்தேகப்படும், ஒரு நாட்டுக்குச் சந்தேகப்பட நேரமில்லை.

கொழும்புக்குக் கிட்ட, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். மீசை வைத்த, களைத்த மனிதர். படம் உரித்த பிளாஸ்ரிக் போத்தல், உள்ளே சாம்பல் நிறத் தூள். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கண்டேன். அவருடைய இடத்தில் நான் நின்றாலும் போதைத்தூள் என்றுதான் நினைத்திருப்பேன்.

உறையை எடுக்க நான் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவர் மூடியைத் திருகிவிட்டார். கெஞ்சினாலும் திறக்க மாட்டோம் என்றது ஒரு நாடு. இங்கே கேட்கவே இல்லை. அவருடைய விரல் உள்ளே போகப் போனது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், ஐயா, அது ஒரு மனிசன் என்றேன்.

விரல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். உமக்கு என்ன முறை என்று கேட்டார்.

ரொறன்ரோவில் இதே கேள்விக்குத் தெரியாது என்றவன் நான். வாத்தியாரின் பெயர் எழுதப்பட்ட அந்த வரிசை ஞாபகம் வந்தது. என் நாக்கு பழையபடி புரண்டது.

"என்ரை அண்ணை."

கடதாசியைக் கேட்டார். கொடுத்தேன். கடவுச்சீட்டையும் கேட்டார். எங்கள் பெயர் முறை இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். தகப்பன் பெயர்தான் கூட வரும். அண்ணன் தம்பி என்றால் அது ஒன்றாக இருக்க வேண்டும். அவர் இரண்டு பெயரையும் விரல் வைத்து வாசித்தார். மறுபடி வாசித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது வேறு வேறு.

இரண்டையும் சேர்த்து மடித்து என் கையில் தந்தார். போத்தலின் மூடியை மெதுவாக, இறுக்கமாகப் பூட்டினார். வெளியில் ஒட்டியிருந்த ஒரு துகளைத் தன்னுடைய கைலேஞ்சியால் துடைத்தார். அந்தக் கைலேஞ்சியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மடித்து என்னிடமே தந்தார்.

போங்கள் என்றார்.

8

யாழ்ப்பாணம் வந்து இறங்கும் மட்டும் வசந்திக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வந்தேன். கலியாண வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை முந்தி, முச்சந்தியில் அவளே நின்றாள். பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மைனஸ் பதினெட்டு என்று சொல்லப் போகிற முகம்.

வசந்தி நான் வந்த வான் வண்டிக்குக் கிட்ட வந்தாள்.

"அபி சொல்லிப்போட்டாள். அண்ணையை அவரிட்டைக் குடுங்கோ. குடுத்திட்டு வாசிகசாலைக் கிணத்திலை தலை முழுகிப்போட்டு வீட்டை வாங்கோ. தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

முப்பது வருசமாக அவளை நான் தெரிந்து வைத்திருந்தது அவ்வளவுதானா என்று இருந்தது.

நடராசா போத்தலை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். என்ன போத்தல் இது என்று கேட்கவில்லை. அண்ணை பாரமில்லை என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை நானும் கீரிமலைக்குப் போனேன். கேணிக்கரையில் மறுபடி செம்புக்கு மாற்றினார்கள். சுங்க அதிகாரியின் கைலேஞ்சியையும் அந்தக் கடல் தண்ணீரில்தான் உதறினேன். கடல் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டது.

செம்பை நடராசா கழுவித் தந்தார். அண்ணியிடம் கொடுக்கட்டாம்.

9

திரும்பி ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எல்லை அதிகாரி, ஒரு இளந்தாரி, கைப்பையைக் காட்டிக் கேட்டான்: உள்ளே இருக்கிறதெல்லாம் உங்களுடையதா?

நாக்கு புரளத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினேன்.

இல்லை என்றேன். ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அது என்னுடையதில்லை. மனோன்மணி என்கிற என் அயலவருடையது. நாற்பது வருசத்தில் சீருடை போட்ட ஒரு ஆளுக்கு முன் நான் இன்னொரு ஆளின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு ஜீப் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி நின்றேன். அவன் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஓகே என்றான். பெயரை அவன் எழுதக்கூட இல்லை.

வெளியே அபி நின்றாள். அவளோடு மனோ அக்கா. அன்று ஆஸ்பத்திரி இல்லாத நாள். கம்பளிக் கோட்டுக்குள் இன்னும் சிறுத்துப் போயிருந்தார். செம்பை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி உள்ளே பார்த்தார். வெறும் செம்பை ஒருவர் அவ்வளவு நேரம் பார்ப்பதை நான் கண்டதில்லை.

எனக்கு அவரிடம் சொல்ல ஒரு வசனம் இருந்தது. இனிப் பொதி தாறதெண்டால் சொல்லிப்போட்டுத் தாங்கோ அக்கா என்று. அதைப் பிறகு சொன்னேன். கட்டடம் முழுக்கவும் சொன்னேன். அதனால்தான் இப்போது எனக்கு வாய் திறந்த பொதிகள் வருகின்றன.

அன்று சொல்ல முடியவில்லை. அவர் முந்திக்கொண்டு கேட்டார். மெதுவாக, அபிக்குக்கூடக் கேட்காத மாதிரி.

"தம்பி, அவரை மெஷினுக்குள்ளாலை விட்டவங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பழக்கமான வேலைதான்.

"விட்டவங்கள் அக்கா. மூண்டு தரம்," என்றேன். "அண்ணை பயப்பிடேல்லை."